அப்பாவின் கிளாரினெட்

ராணுவக் கேம்ப் பகுதித் தேவாலயத்தில் சனிக்கிழமை மாலை நடக்கும் எபிரேய வகுப்புக்கு ஏழெட்டுப் பேர்தான் வருவார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியை ஜோசபினுக்கு எப்போதும் முதல் பெஞ்ச். அன்று ஃபாதர் சேவியர் பலகையில் எழுதிய சொல், கஸல்.

“பாட்டா, ஃபாதர்?” என்றாள் ஜோசபின்.

அவர் சிரித்தார். “இது வேற. யாருக்கும் தெரியாம எடுத்தா அதுக்குத் தனிச் சொல் இருக்கு. இது கண்ணெதிரே, பலத்தால பிடுங்கறது.”

பைபிளில் ஆபிரகாமின் கிணற்றை அடுத்தவர்கள் பிடித்துக்கொண்டதற்கும், எகிப்தியன் கையிலிருந்த ஈட்டியைப் பெனாயா என்ற வீரன் பறித்ததற்கும் இதே வினைதான் என்றார். கையிலிருந்து பறித்தது என்றதும் ஜோசபினுக்கு அப்பாவின் கறுப்புக் கிளாரினெட் நினைவுக்கு வந்தது.

அப்பா ராணுவ பாண்டில் இருந்தவர். ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் குவார்ட்டர்ஸ் வாசலில் நாற்காலி போட்டு, ஊதும் முனையில் பொருத்தும் நாணல் ரீடை நாக்கில் நனைத்தபடி மகள்கள் இருவரையும் பார்த்துக் கண்ணடிப்பார். ஜோசபின் தாளம் போடுவாள். வாசிக்கக் கற்றுக்கொண்டது தங்கை அமலாதான். அப்பாவை அடக்கம் செய்த மாலை, அமலா மடியில் வைத்திருந்த அதை, “மூத்தவ நான்” என்று எல்லோர் முன்னாலும் ஜோசபின் பிடுங்கினாள். பிறகு பத்தொன்பது வருடமாக, கல்யாணம் சாவு என்றால் மட்டும்தான் இருவருக்கும் பேச்சு.

“பறிச்சத என்ன செய்யணும், ஃபாதர்?”

“திருப்பிக் கொடுக்கணும். மேல அஞ்சில ஒரு பங்கு சேர்த்து. அதுதான் பழைய சட்டம்.”

திங்கட்கிழமை கிளாரினெட் பெட்டியோடு, மேல் பங்காக ஒரு டப்பா புது ரீடும் வாங்கிக்கொண்டு, அமலா இருக்கும் நிக்டிக்குப் பஸ் ஏறினாள்.

கதவைத் திறந்த அமலா முதலில் பெட்டியைத்தான் பார்த்தாள்.

“உன்னோடது. நான் பிடுங்கிட்டேன்.”

பரவாயில்லை என்று அமலா சொல்லவில்லை. “ஆமாக்கா, பிடுங்கினே. ரெண்டு நாள் விரல் வலிச்சுது.” கதவை அகலத் திறந்தாள். “உள்ள வா. சாய் போடறேன்.”

சாய் ஆறிக்கொண்டிருக்க, அமலா கிளாரினெட்டைத் துண்டு துண்டாக எடுத்துத் துடைத்து இணைத்தாள். விரல் விசைகள் இறுகிப்போயிருந்தன. முதலில் வெறும் காற்றுதான் வந்தது. நாலாவது தடவை அடித்தொண்டையில் ஒரு சுரம் கரகரத்தது.

“இந்தச் சுரத்துக்கு அப்பா என்ன பேரு வெச்சிருந்தாரு?” என்றாள் அமலா.

“எருமை.”

அமலா சிரித்தாள். மறுபடி மூச்சை இழுத்து, எருமையைக் கூப்பிட்டாள்.