முகாமுக்கு வந்த நாய்

மண்டலப் பேரிடர் மேலாண்மை அலுவலகத்தில் வருஷக்கணக்காக நிவாரண முகாம்களைக் கவனித்து வந்தவள் மூத்த மருமகள். அதே அலுவலகத்துக்குக் கொழுந்தன் மனைவியான சின்னவளே தனக்கு மேலதிகாரியாக வந்து உட்கார்ந்தபோது அவளுக்கு வயிறு எரிந்தது. வீட்டில் மாமியார் சின்னவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுவது போதாதென்று, இங்கே ஆணையரும் ஆடத் தொடங்கினார்.

மாமியார் குடியிருக்கும் ஆற்றங்கரைத் தெருவில் வெள்ளச் சைரன் ஊதினாலும் யாரும் கிளம்புவதில்லை. வளர்க்கும் நாயையும் கோழியையும் விட்டுவிட்டு வர மனசில்லாததுதான் காரணம், அவற்றுக்கும் முகாமில் இடம் கொடுக்கலாம் என்று சின்னவள் முதல் கூட்டத்திலேயே சொன்னாள். முகாம் என்ன மிருகக்காட்சி சாலையா என்று மூத்தவள் கேட்டதும் எல்லோரும் சிரித்தார்கள். சின்னவளும் கூடச் சேர்ந்து சிரித்ததைத்தான் இவளால் தாங்க முடியவில்லை. ஆணையர் பிடி கொடுக்காமல் பார்க்கலாம் என்றார். சின்னவளோ அன்றே தெருவுக்குப் போய், நாயையும் கோழியையும் கூட்டி வரலாம் என்று வீடு வீடாகச் சொல்லிவிட்டு வந்தாள்.

அடுத்த மழையில், ஒரு நாள் காலை, அணையைத் திறந்துவிட்டார்கள். மூத்தவள் முகாமான பள்ளிக்கூட வாசலில் நின்றாள். யாரும் வரமாட்டார்கள் என்று பயந்தாள். வராமல் போனால் தேவலை என்றும் மனசின் ஒரு மூலையில் தோன்றியது. முதல் ஆளாக மாமியார் வந்தாள், கக்கத்தில் ஒற்றைக்கண் நாயோடு.

"நீ கூப்பிட்டப்பல்லாம் இவனை விட்டுட்டு வரச் சொன்னே. அவ இவனையும் கூட்டிட்டு வரச் சொன்னா."

பின்னாலேயே தெரு முழுக்க வந்து சேர்ந்தது. மதியத்துக்குள் அந்த வீடுகளில் ஜன்னல் மட்டத்துக்குத் தண்ணீர். ஒரு உயிர்கூட உள்ளே இல்லை என்று தகவல் வந்தபோது அவளுக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியோடு சேர்ந்தே நெஞ்சில் சுருக்கென்றது.

வகுப்பு பெஞ்சில் கோழிகளைப் பார்த்த சுகாதார அதிகாரி கொதித்துப்போனார். யார் அனுமதி கொடுத்தது, மேலே எழுதப்போகிறேன் என்றார். சின்னவள் மற்ற தெருக்களைப் பார்க்கப் படகில் போயிருந்தாள். அவள் பெயரைச் சொன்னால் போதும், கதை முடிந்தது. இப்படி ஒரு நாளுக்குத்தான் மூத்தவள் காத்திருந்தாள். ஆனால் கண்ணெதிரே மாமியார் தன் துண்டால் நாயைத் துவட்டிக்கொண்டிருந்தாள்.

"நான்தான் சொன்னேன் சார். நாயை வெளிய அனுப்பினா ஆளும் பின்னாலயே தண்ணிக்குள்ள போயிடுவாங்க," என்றாள் மூத்தவள்.

அதிகாரி முணுமுணுத்துவிட்டு, நாய் கோழிகளைச் சைக்கிள் கொட்டகைக்கு மாற்றச் சொல்லிப் போனார்.

வெள்ளம் வடிந்தபின் நடந்த கூட்டத்தில், சுகாதார அதிகாரி எழுதியதைப் படித்திருந்த ஆணையர் மூத்தவளை வாயாரப் புகழ்ந்தார், அவள் துணிந்து எடுத்த முடிவு ஒரு தெருவையே காப்பாற்றியது என்று. இப்போது சின்னவள் உண்மையைப் போட்டு உடைப்பாள் என்று எதிர்பார்த்து மூத்தவள் மேஜையைப் பார்த்தபடி இருந்தாள்.

"ஆமா சார். அக்கா நின்னதாலதான் நடந்துச்சு," என்றாள் சின்னவள்.

அதில் நடிப்பு துளியும் இல்லை. எல்லோரும் கை தட்டினார்கள். இத்தனை காலம் ஏங்கிய பாராட்டு கடைசியில் சின்னவள் போட்ட பிச்சையாக வந்து மடியில் விழுந்ததுபோல் மூத்தவளுக்கு இருந்தது. இதிலும் அவளே ஜெயித்துவிட்டாள்.

வராந்தாவில் சின்னவள் ஓடிவந்து, அடுத்த தெருவிலும் இதைச் சொல்லச் சேர்ந்தே போவோமா அக்கா என்று கேட்டாள். மூத்தவளுக்கு எரிச்சல் அடங்கவில்லை. இருந்தாலும் போவோம் என்றாள். மறுநாள் இருவரும் ஒரே ஜீப்பில்தான் போனார்கள். மூத்தவள் வழி நெடுக ஜன்னலுக்கு வெளியிலேயே பார்த்துக்கொண்டு வந்தாள்.