பூட்டின் சொந்தக்காரி

மகன் ரம்பத்தைப் பூட்டின் வளையத்தில் வைத்து இரண்டு இழுப்பு இழுத்துவிட்டான். அந்த ஒலி கேட்டே பூட்டுக்காரர் உள்ளறைக்குள் வந்தார். மகனுடைய மணிக்கட்டைப் பிடித்தார். எழுபது வயதைத் தாண்டிய கை. ஆயினும் நாள் முழுவதும் அரம் பிடித்துப் பழகிய கை. ரம்பம் நின்றது.

"விடுங்கப்பா. வேற வழி இல்ல."

"எடுடா அதை."

வளையத்தில் மயிரிழை அளவுக்கு ஒரு வெள்ளைக் கீறல் விழுந்திருந்தது. அவர் அதனைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். பிறகு பெட்டியைச் சற்றே தம் பக்கம் நகர்த்திக்கொண்டார்.

முன்னறையில் அவருடைய மனைவியைக் கிடத்தியிருந்தார்கள். விடியற்காலையில் மருத்துவமனையில் உயிர் பிரிந்தது. ஒன்பது மணிக்கு வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். மாலை நான்கு மணிக்கு வண்டி வரும். அதற்குள் அவளுக்கு உடை மாற்றியாக வேண்டும். எந்த உடை என்பதிலேதான் சிக்கல். மூன்று நாளைக்கு முன்பு, மூச்சு இரைக்க இரைக்க, அவள் மகளிடம் சொல்லியிருந்தாள்: பெட்டியின் அடியில் ஒரு புடவை இருக்கிறது, அதைக் கட்டித்தான் தன்னை அனுப்ப வேண்டும், வேறு எதையும் கட்டக் கூடாது. பெட்டி கட்டிலுக்கடியில் எப்போதும்போல இருந்தது. சாவிதான் இல்லை.

அச்சாவி நாற்பத்தோராண்டுகளாக ஒரு கறுப்புக் கயிற்றில் அவள் கழுத்தில் தொங்கியது. படம் எடுக்கும்போது உடம்பில் உலோகம் இருக்கலாகாதென்று மருத்துவமனையில் கழற்றியிருக்கிறார்கள். திருப்பிக் கொடுத்த உறைக்குள் மூக்குக்கண்ணாடியும் சீப்பும் இரண்டு வளையல்களும் இருந்தன. மகன் மூன்று முறை தொலைபேசியில் கேட்டுவிட்டான். தேடிப் பார்த்துச் சொல்கிறோம் என்றார்கள். கயிறு கிடந்த இடம் அவள் கழுத்தில் வெளிறிய கோடாகத் தெரிந்ததைப் பூட்டுக்காரர் காலையிலேயே பார்த்தார். பார்த்தபின் போர்வையை மோவாய் வரை இழுத்துவிட்டார்.

பதினொரு மணிக்கு மகள் கேட்டபோது, "பார்க்கலாம்" என்றார். பன்னிரண்டு மணிக்குக் கேட்டபோதும் அதையே சொன்னார். இப்போது ஒன்றரை.

"ஊருக்கெல்லாம் தொறந்து குடுக்கிறீங்க. இரும்புப் பெட்டியெல்லாம் தொறந்த ஆளு. இது உங்களுக்கு ரெண்டு நிமிஷ வேலை. எதுக்குப்பா இப்படி உக்காந்திருக்கீங்க?" என்றான் மகன்.

"சொந்தக்காரங்க பக்கத்துல நிக்காம நான் பூட்டைத் தொட மாட்டேன். உனக்குத் தெரியாதா?"

அது கடைத்தெரு முழுவதும் அறிந்த வழக்கந்தான். பூட்டுக்கு உரியவர் எதிரே வந்து நிற்க வேண்டும். கணவன் பெட்டியை மனைவி கொண்டுவந்தாலும், அண்ணன் வீட்டைத் தம்பி திறக்கச் சொன்னாலும் அவர் அரத்தைக் கையில் எடுக்க மாட்டார். காவல் துறைக்கு அஞ்சுகிறார் என்று சிலர் சொன்னார்கள். நாணயமானவர் என்று பலர் சொன்னார்கள். அவர் எதையும் மறுத்ததில்லை.

மகன் ரம்பத்தைத் தரையில் வைத்தான். "அம்மாதான் இல்லையேப்பா" என்றான்.

பூட்டுக்காரர் திறந்திருந்த கதவின் வழியே முன்னறையைப் பார்த்தார். போர்வைக்கு வெளியே தெரிந்த பாதங்களைப் பார்த்தார்.

"இருக்கா" என்றார். "நாலு மணி வரைக்கும் இருக்கா."

சொன்ன பிறகுதான் அச்சொல்லின் பொருள் அவருக்கே உறைத்தது. செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினார்.

எதிர்ச்சாரியில், ஒரு மாடிப்படிக்குக் கீழே, அவருடைய கடை இருந்தது. ஒருவர் உட்காரலாம், இன்னொருவர் நிற்கலாம். பாதிக் கதவைத் தூக்கி உள்ளே நுழைந்தபோது, பயணப் பெட்டி ஒன்றைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் வந்து நின்றாள். பூட்டின் எண் மறந்துவிட்டதாகவும் மாலையில் ஊருக்குப் போக வேண்டும் என்றும் சொன்னாள். இன்றைக்குக் கடை இல்லை என்றார் அவர்.

"தொறந்துதானே இருக்கு?" என்றாள் அவள்.

"எனக்கே ஒரு வேலை இருக்கும்மா."

"உங்க வேலைய நாளைக்குப் பாத்துக்கக் கூடாதா?"

அவர் ஒரு கணம் அவளைப் பார்த்தார். முடியாது என்று தலையை மட்டும் அசைத்தார்.

சுவரில் வரிசை வரிசையாக ஆணிகளில் பல் வெட்டாத சாவிகள் தொங்கின. மனைவியின் பூட்டு எந்த வகையைச் சேர்ந்ததென்றும், அதற்கு எந்தச் சாவி பொருந்துமென்றும் அவர் முதல் நாளே அறிவார். அந்த வகைச் சாவி மூன்றாவது வரிசையில் கடைசி ஆணியில் தொங்கியது. அவ்வகைப் பூட்டுகள் இப்போது விற்பனைக்கு வருவதில்லை; அச்சாவிகளைக் கேட்பாரும் இல்லை. ஆயினும் அந்த ஆணி வெறுமையாக இருக்க அவர் ஒருநாளும் விட்டதில்லை. ஒரு பூட்டுக்கு இரண்டு சாவி என்பது கடை வழக்கம். கை பழக்கத்தால் இரண்டை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டது. இடுக்கியையும், மெல்லிய அரத்தையும், உருப்பெருக்கும் கண்ணாடியையும் ஒரு துணியில் சுற்றிக்கொண்டு திரும்பினார்.

பெட்டியைத் தாமே தூக்கிவந்து, மனைவியின் வலக்கைப் பக்கமாக ஒரு முக்காலியில் வைத்தார். தாம் தரையில் அமர்ந்தார். சுற்றிலும் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிணம் கிடக்கும் வீட்டில் இவர் என்ன பட்டறை போடுகிறார் என்று யாரோ முணுமுணுத்ததும் காதில் விழுந்தது. மனைவியின் தம்பிதான் எழுந்து, வெளியே காற்றாட உட்காரலாம் என்று எல்லாரையும் அழைத்துக்கொண்டு போனார். அவருக்கும் இப்போது அறுபது வயது. போனவர் மறுபடி வந்து வாசற்படியருகே நின்றார்.

"கம்பி போட்டா உடனே வந்துருமே அத்தான்" என்றார் தயக்கத்தோடு. "அன்னைக்கு நாப்பது எண்ணுறதுக்குள்ள தொறந்தீங்க."

"அன்னைக்குத் தொறந்தது போதும்."

மைத்துனர் தலையைக் குனிந்துகொண்டார். "எண்ணினவன் நான்தானே" என்றார்.

திருமணமான முதலாண்டில் நடந்தது அது. இந்தப் பெட்டியை அவள் தாய் வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்தாள். அப்போது அதில் தொங்கியது வேறொரு சிறிய பூட்டு. ஒரு விடுமுறை நாள் மதியம், அக்காவைப் பார்க்க வந்த மைத்துனர், அத்தானுடைய கைத்திறன் இந்தப் பூட்டிடம் செல்லுமா என்று சீண்டினார். பூட்டுக்காரரோ அப்போது இளைஞர், தொழில் கைவந்த புதிது. அவளுடைய கொண்டை ஊசி ஒன்று சன்னலோரம் கிடந்தது. மைத்துனர் முப்பத்தெட்டு எண்ணுவதற்குள் பூட்டு வாயைப் பிளந்தது. பெருமை தாளாமல் மூடியையும் தூக்கிவிட்டார். உள்ளே என்ன இருந்தது என்பது இன்று அவருக்கு நினைவில்லை; ஏதோ நோட்டுப் புத்தகங்கள், ஏதோ துணி. தேநீரோடு வந்த அவள் நிலைப்படியில் நின்றது மட்டும் நினைவிருக்கிறது. கோப்பைகளை மெதுவாகத் தரையில் வைத்தாள். மூடியைச் சாத்தினாள். பெட்டியின்மேல் அமர்ந்தாள். அன்றிலிருந்து பதினொரு நாள் அவரோடு பேசவில்லை.

இப்போது அவர் பல் வெட்டாத சாவி ஒன்றைப் பூட்டினுள் செலுத்தி, இறுக்கித் திருப்பி, மேலும் கீழும் அசைத்து வெளியே எடுத்தார். பித்தளையின் விளிம்பில், உள்ளிருந்த ஊசிகள் பட்ட இடத்தில், தூசியைப்போல் ஒரு புள்ளி தெரிந்தது. அவ்விடத்தில் அரத்தால் இரண்டு தேய்ப்பு. மறுபடி உள்ளே, மறுபடி வெளியே. இப்படியாகப் பூட்டிடமே கேட்டுக் கேட்டுத்தான் சாவி செய்ய வேண்டும். அவசரப்பட்டால் அது பொய் சொல்லிவிடும். மகன் சுவரோரம் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். மகள் தாயின் தலைமாட்டில் நின்றாள். மணி இரண்டரை ஆயிற்று.

பன்னிரண்டாம் நாள் மனைவிதான் முதலில் பேசினாள். பூட்டைத் திறந்தது தப்பில்லை, தான் இல்லாதபோது திறந்ததுதான் தப்பு என்றாள். அவ்வளவே. மறுநாள் வேறொரு கடைத்தெருவுக்கு நடந்து போய், அவருக்குப் பழக்கமில்லாத கடையில் இந்தப் பெரிய பூட்டை வாங்கிவந்து தொங்கவிட்டாள். அதற்குப் பிறகு வீட்டில் பிள்ளைகள் பிறந்தார்கள். கடையில் கூட்டம் பெருகியது. அந்தப் பெட்டியைப் பற்றிக் கேலி பேசுகிற அளவுக்குக்கூட உறவு இயல்பாயிற்று. "உள்ள என்ன, என்னைப் பத்தின புகார் மனுவா?" என்பார். "இடம் பத்தல, இன்னொரு பெட்டி வேணும்" என்பாள். எல்லாரும் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். ஆனால் அவர் அப்பெட்டியைத் தொடாமல் இருந்ததற்கு மரியாதை பாதிதான் காரணம். மறுபாதி அச்சம். தம்மைப் பற்றி அவள் சொல்லாமல் வைத்திருப்பது ஏதேனும் அதனுள் இருக்குமோ என்று, உறங்கும் அவள் கழுத்தில் அந்தச் சாவியைக் காணும்போதெல்லாம் நினைத்திருக்கிறார். கேட்டதில்லை.

மூன்று மணிக்குச் சில நிமிடங்கள் இருக்கையில், ஐந்தாவது பல்லைத் தேய்த்து உள்ளே விட்டபோது, சாவி எதிர்ப்பின்றிச் சுழன்றது. வளையம் மேலே எழும்பியது. அவர் பூட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். பூட்டைத் திறப்பதோடு தம் வேலை முடிந்தது, மூடியைத் தூக்குவது உரியவர் வேலை என்பதும் கடை வழக்கந்தான். ஆயிரம் பேரிடம் சொன்ன சொல் தானாகவே வாயில் வந்தது.

"தொறந்தாச்சு" என்றார் மனைவியின் முகத்தைப் பார்த்து. "நீயே பாத்துக்கோ."

யாரும் அசையவில்லை. அவர் எழுந்து, சன்னலுக்குப் போய், பெட்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். சிறிது நேரங்கழித்து மூடி கிறீச்சிட்டது. தாள்கள் நகரும் ஒலி கேட்டது. கண்ணாடியோ பீங்கானோ எதிலோ இடிபட்டது. திடீரென்று மகள் சிரித்தாள். அன்று முழுவதும் அந்த வீட்டில் கேட்ட முதற் சிரிப்பு அது. அது பாதியிலேயே அழுகையாயிற்று.

"அப்பா, இதுல அம்மா என்னெல்லாம் வச்சிருக்கான்னு..."

"வேண்டாம்மா. அவ கேட்டதை மட்டும் எடு."

மகள் மீண்டும் தேடினாள். அடியிலிருந்து எதையோ உருவுவது தெரிந்தது.

"இது அம்மா கட்டி நான் பாத்ததே இல்லையே. உங்களுக்குத் தெரியுமாப்பா?"

அவர் திரும்பினார். மகளின் கைகளில் கத்தரிப்பூ நிறத்தில் ஒரு புடவை இருந்தது. மடிப்புகளின் ஓரம் வெளுத்திருந்தது.

பேசாதிருந்த அந்தப் பதினொரு நாளில் ஆறாம் நாள் அதை அவர் வாங்கினார். வீட்டுக்காரம்மாவுக்கு என்ன நிறம் பிடிக்கும் என்று கடைக்காரர் கேட்டபோது விழித்தார். வெட்கத்தில், முதலில் கண்ணில் பட்டதைக் காட்டினார். கட்டிலின்மேல் வைத்துவிட்டு வேலைக்குப் போனார். மாலையில் வந்து பார்த்தபோது அது அங்கே இல்லை. அவள் அதை ஒருநாளும் உடுத்தவில்லை. யாருக்கேனும் கொடுத்திருப்பாள் என்று எண்ணிக்கொண்டார். அதையும் அவர் கேட்டதில்லை.

"தெரியும்" என்றார்.

"கூடவே ரவிக்கையும் இருக்கு. புதுசு." மகள் அதைத் தாயின் தோளருகே வைத்துப் பார்த்தாள். "இப்போ இருக்கிற அளவுக்குத் தச்சிருக்காங்கப்பா."

இரண்டு மாதங்களுக்கு முன்பு, நடந்தால் மூச்சு இரைக்கும் நிலையிலும், தைக்கிற அம்மாவைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று அவள் ஒரு சிறு பொட்டலத்தோடு இறங்கிப் போனாள். துணைக்கு வரட்டுமா என்று அவர் கேட்டார். கடையைப் பாருங்கள் என்றாள். அவர் கடையைப் பார்த்தார்.

பெண்கள் உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டார்கள். அவர் வெளியே மைத்துனரின் அருகில் அமர்ந்தார். மைத்துனர் தம் துண்டால் அவருடைய முழங்காலில் ஒட்டியிருந்த பித்தளைத் தூளைத் தட்டிவிட்டார்.

கதவு திறந்தபோது மணி மூன்றரை தாண்டிவிட்டது. அந்த நிறம் அவளுக்கு எடுப்பாக இருந்தது. அவர் சற்று நேரம் நின்று பார்த்தார். பிறகு பெட்டியின் மூடியைச் சரிபார்த்து, பூட்டை மாட்டி அழுத்தினார். இழுத்துப் பார்த்தார். சாவியை எடுத்து, மனைவியின் வலக்கையில் வைத்தார். விரல்கள் விறைத்திருந்தன, சாவி நழுவியது.

மகள் அருகே வந்தாள். "அப்புறம் எப்படிப்பா தொறக்கிறது? எங்களுக்குன்னு பாக்க..."

"சாவி சொந்தக்காரங்க கையிலதாம்மா இருக்கணும்."

மகன் எழுந்து வந்தான். ரம்பம் பிடித்த கையால் தாயின் விரல்களை ஒவ்வொன்றாக மெதுவாக மடக்கி, சாவியைச் சுற்றிப் பொருத்தினான். பிறகு தந்தையைப் பார்த்தான்.

"எப்பவும் ரெண்டு வெட்டுவீங்களே. இன்னொண்ணு?"

"ஒண்ணுதான் வெட்டினேன்."

வண்டி நான்கு மணிக்குச் சரியாக வந்தது.

எல்லாம் முடிந்து அவர்கள் வீடு திரும்பியபோது பொழுது சாய்ந்திருந்தது. முன்னறையில் நாற்காலிகளை யாரோ பழையபடி போட்டிருந்தார்கள். பெட்டி கட்டிலுக்கடியில் போய்விட்டது. மகள் தேநீர் கொண்டுவந்து அவருக்கருகே வைத்து, சூடாக இருக்கும்போதே குடியுங்கள் என்றாள். அவர் கைக்குட்டைக்காகச் சட்டைப் பையில் கையை விட்டார். விரலில் குளிர்ச்சியாக ஒன்று தட்டியது.

எடுத்துப் பார்த்தார். இரண்டாவது சாவி. கட்டைவிரலை அதன் விளிம்பில் நுனியிலிருந்து அடிவரை ஒருமுறை ஓட்டினார். எங்கும் ஒரு பல்லும் தடுக்கவில்லை, வழவழப்பாக இருந்தது. அதனைத் திரும்பவும் பையில் போட்டுக்கொண்டு, தேநீரை எடுத்தார்.