காரணம் சொல்லாமல் தொடாதே

என் போக்கர் வாத்தியாருக்கு என்னைவிட முப்பது வயது குறைவு. பெயர் ருவான். பிரேசிலில் நாங்கள் இருக்கும் குரிச்சிபா நகரின் மறுகோடியில் அம்மாவோடு இருக்கிறான். நான் பல்செட் செய்கிறவன். ஊரார் வாய்க்கு அளவெடுத்துச் சம்பாதிப்பதில் ஒரு பங்கை, இணையப் போட்டிகளில் ஒழுங்காகச் சீட்டாடக் கற்றுக்கொள்ள அவனிடம் கொடுத்துவந்தேன்.

அவன் பாடமுறை விசித்திரமானது. ஆடும்போது ஒவ்வொரு முடிவுக்கும் காரணத்தை வாய்விட்டுச் சொல்லி, திரையோடு சேர்த்துப் பதிவு செய்ய வேண்டும். புதன்கிழமை அதைப் போட்டுக் கேட்டுத் திருத்துவான்.

"காரணம் சொல்லாம பட்டனைத் தொடாதீங்கண்ணே. தோணுச்சுன்னு ஆடுறதுக்கு வாத்தியார் எதுக்கு?"

அதிலிருந்து என் வீட்டு ஞாயிற்றுக்கிழமைகள் மாறிப்போயின. மச்சினன் ஒஸ்மார் இறைச்சி சுட வந்தால் என் அறை வாசலில் நின்று கத்துவான்: "அக்கா, அத்தான் மறுபடியும் சுவரோட பேசுறாரு! சுவர் என்ன சொல்லுதாம்?"

"அவர் சொல்றதைக் கேட்டுக்குதுல்ல, அதுவரைக்கும் என்னைவிடப் பொறுமைதான்" என்பாள் என் மனைவி ஜுசேலியா.

அந்தப் பொறுமைக்கும் ஒரு நாள் குறித்துவிட்டாள். சாவோ பாவ்லோவில் நடக்கும் பெரிய போட்டிக்கு ஒரே ஒருவரை அனுப்பும் தகுதிச்சுற்று அந்த ஞாயிறு. அந்த இடம் எனக்குக் கிடைத்தால் தொடரலாம். இல்லையென்றால் வகுப்பும் இல்லை, ஆட்டமும் இல்லை. நான் சத்தியம் செய்தேன். வென்றுவிடுவேன் என்று நினைக்கிறவனுக்குச் சத்தியம் செய்ய என்ன கஷ்டம்?

பின்முற்றத்தில் கரி சாம்பல் பூத்த நேரத்தில் களத்தில் இரண்டே பேர் மிஞ்சினோம். ஒன்று நான். இன்னொன்று ருவான்.

கடலில் மீன் பிடிக்கிறவன் இந்தக் குட்டையில் ஏன் தூண்டில் போடுகிறான்? அவனுக்கும் கொஞ்ச நாளாகத் தோல்விமேல் தோல்வி என்று அரசல்புரசலாகத் தெரியும். கேட்கவும் வழியில்லை. ஆட்டத்தின் நடுவே பேசிக்கொண்டால் இருவரையும் தூக்கி எறிந்துவிடுவார்கள். கைபேசியை அணைத்து ஜுசேலியாவிடம் கொடுத்தேன்.

"எதிர்ல யாரு?" என்றாள், வேகவைத்த பைன் கொட்டையை உரித்து என் வாயில் போட்டபடி.

"வாத்தியார்."

"நம்ம காசு வாங்குற வாத்தியாரா?" ஒஸ்மார் சிரித்த சிரிப்பில் அவன் கையிலிருந்த பீர் சிந்தியது. "விளங்கிடும் அத்தான்!"

கடைசியில் அந்த ஆட்டம் வந்தது. என் கையில் இரண்டு ஜோடி. என்னிடம் இருந்ததில் முக்கால்வாசியை ஏற்கெனவே நடுவில் போட்டிருந்தேன். கடைசிச் சீட்டு விழுந்ததும் ருவான் மொத்தத்தையும் வைத்தான். நானும் மிச்சத்தைப் போட வேண்டும், அல்லது போட்டதை விட்டுக்கொடுத்துச் சீட்டைக் கவிழ்த்துவிட வேண்டும்.

திரையில் என் பெயருக்குக் கீழே, மிச்சமுள்ள நேரத்தைக் காட்டும் பச்சைக் கோடு சுருங்கத் தொடங்கியது. நான் வழக்கம்போல் வாயைத் திறந்தேன்.

"கடைசிச் சீட்டுல ஒருத்தன் எல்லாத்தையும் வெச்சா அவன் பொய் சொல்லலன்னு அர்த்தம், கவுத்துடணும்னு பாடம். ஆனா பாடத்தைச் சொன்னவனே வெச்சிருக்கான். நான் கவுத்துடுவேன்னு அவனுக்குத் தெரியும். அப்போ அவன் புருடா விடலாம். போன வாரம் இதே மாதிரி ஒரு ஆட்டத்தை அவனே எனக்கு..."

"அத்தான், கோடு சிவப்பாயிடுச்சு!"

"இருடா, காரணத்தை முடிச்சுக்கறேன். ரெண்டாவது சீட்டுல அவன் தயங்கினான். நல்ல கை இருக்கறவன் அங்க தயங்க மாட்டான். ஆகவே இது புருடா. ஆகவே நான் போடுறேன்."

பட்டனை அழுத்தினேன். பட்டன் அங்கே இல்லை. நேரம் முடிந்து கணினியே என் சீட்டைக் கவிழ்த்திருந்தது. மிச்சமிருந்த சில்லறை அடுத்த ஆட்டத்திலேயே போயிற்று.

புதன்கிழமை வகுப்பு, ஏற்கெனவே பணம் கட்டியது. ருவான் பதிவைக் கேட்டான். என் குரல் "ஆகவே" என்று இரண்டு முறை சொன்ன இடத்தில் நிறுத்தினான். திரைக்கு அப்பால் அவன் அம்மா தட்டு கழுவிக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, ஒவ்வொரு காரணமும் சரி. இவ்வளவு சுத்தமா நீங்க யோசிச்சதே இல்ல."

"உன் கையில என்னடா இருந்துச்சு?"

"ஒண்ணுமில்லண்ணே, புருடாதான். எனக்கு அந்த இடம் தேவைப்பட்டுச்சு" என்றான். குரல் தேய்ந்திருந்தது. திட்ட வேண்டும் என்றுதான் மூன்று நாளாகச் சேர்த்து வைத்திருந்தேன்.

"சரி, போய் ஜெயிச்சுட்டு வா. ராத்திரி பஸ்ஸுல குளிரும், கம்பளிச் சட்டை எடுத்துக்கோ" என்றேன். என் முட்டாள் வாய்.

ஜுசேலியா கதவருகே நின்றிருந்தாள். "என்ன சொன்னான்?"

"நான் யோசிச்சது எல்லாமே சரியாம்."

"அப்புறம் ஏன் தோத்தீங்க?"

யோசித்தேன். இந்த முறை சத்தமில்லாமல். அவள் பார்த்துக்கொண்டிருக்க, நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, என் ஆட்டக் கணக்கை மூடும் இடம் அந்தத் திரையில் எங்கே இருக்கிறது என்று தேட ஆரம்பித்தேன்.