ஞாயிற்றுக்கிழமை கழுவியது

ஒன்பது வருடமாக என் மனைவிக்கு ஆஸ்துமா மருந்து அடித்துவிடுவது என் வேலை. காலை ஆறரைக்கு ஒரு தடவை, சாயங்காலம் ஏழுக்கு ஒரு தடவை. பம்பைக் குலுக்கி ஒரு பிளாஸ்டிக் குழலில் செருகுவேன். குழலின் மறுமுனையை அவள் வாயில் வைத்துக்கொள்வாள். "மெதுவா... மெதுவா இழு" என்று சொல்லிக்கொண்டே கட்டைவிரலால் அழுத்துவேன். அவள் மூச்சை அடக்கியிருக்க, நான் பத்து எண்ணுவேன். அதற்குப் பிறகுதான் எனக்குக் காப்பி இறங்கும்.

நான் லிஃப்ட் மெக்கானிக். இருபத்தேழு கட்டடங்களின் லிஃப்ட் என் பொறுப்பு. குடியிருப்பதோ லிஃப்டே இல்லாத கட்டடத்தில், மூன்றாவது மாடியில். இதைச் சொல்லி என்னை ஓட்டாத ஆள் எங்கள் கம்பெனியில் கிடையாது. அவள் ஒரு கூரியர் ஆபீசில் போன் எடுப்பவள். மூச்சு வாங்கும் நாட்களில், "என்னம்மா, ஓடி வந்து எடுத்தீங்களா?" என்று எதிர்முனையில் கேட்பார்களாம். "ஆமா சார், உங்க பார்சலத் தேடித்தான் ஓடிட்டிருக்கேன்" என்பாளாம். நெஞ்சு எத்தனை இளைத்தாலும் வாய் இளைத்ததில்லை.

போன வருடம் மூன்று முறை ஆஸ்பத்திரியில் கிடந்தாள். மூன்று முறையும் ஸ்டீராய்டு மாத்திரை. முகம் உப்பியது, சர்க்கரை ஏறியது, எதற்கெடுத்தாலும் அழுகை வந்தது. குளியலறைக் கண்ணாடியில் துண்டைத் தொங்கவிட்டாள். நான் அதை எடுக்கவில்லை. கடைசியில் டாக்டரம்மா மருந்தை மாற்றினார்.

"இது பவுடர். இது ஒத்துக்கிச்சுன்னா மாத்திரைப் பக்கமே போக வேண்டாம். ஒத்துக்கலன்னா மாத்திரை தினமும்தான். இப்போதைக்கு எனக்கு வேற வழி தெரியலம்மா."

எப்படி எடுப்பது என்று நர்ஸ் காட்டினார். அடிப்பாகத்தைத் திருகினால் 'கிளிக்' என்று ஒரு சத்தம். பக்கத்தில் குட்டி ஜன்னல், அதில் அறுபது என்று எண். ஒவ்வொரு கிளிக்குக்கும் ஒன்று குறையும்.

"இதுல அழுத்துறது கிடையாது. நீங்களே ஒரே மூச்சுல, வேகமா, பலமா இழுக்கணும். ருசி ஒண்ணும் தெரியாது, பயப்படாதீங்க."

"நான் என்ன பண்ணணும் சிஸ்டர்?" என்று கேட்டேன்.

"நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம் சார்."

சிரித்த முகமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் சுருக்கென்றது. ஒரு விளக்கத் தாளைக் கொடுத்தார். எத்தனை மோட்டாரைப் பிரித்துப் பூட்டியவன், இந்தத் தம்மாத்தூண்டு டப்பாவுக்குத் தாள் படிக்க வேண்டுமா? நாலாக மடித்துப் பர்ஸில் செருகிக்கொண்டேன்.

முதல் வாரம், பொய் சொல்லக் கூடாது, அற்புதமாக இருந்தது. இரண்டாவது மாடித் திருப்பத்தில் நிற்காமல் ஏறினாள். மேலே போய், பின்னால் வந்த என்னைப் பார்த்து, "என்னங்க, லிஃப்ட் ரிப்பேரா?" என்றாள். கண்ணாடியில் தொங்கிய துண்டும் காணாமல் போனது. ஆனால் காலை ஆறரைக்கு என் கைக்கு வேலை இல்லை. அவள் திருகுவாள், இழுப்பாள், வைப்பாள். நான் வேலை போனவன் மாதிரி வாசற்படியில் நிற்பேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஒன்பது வருடமாக ஞாயிறு காலையில் நான் பழைய பம்பின் பிளாஸ்டிக் கூட்டை வெந்நீரில் கழுவி, ஜன்னல் ஓரத்தில் காயவைப்பேன். அந்த ஒன்றாவது எனக்கு மிச்சம் என்று நினைத்துப் புதியதையும் எடுத்துக் கழுவினேன். காலை மருந்து முடிந்து எண் நாற்பத்தேழில் இருந்தது. நன்றாக உதறி, துடைத்து, சாயங்காலத்துக்குள் காயவைத்துக் கொடுத்தேன்.

புதன்கிழமை அவள் சொன்னாள்:

"ஏங்க, உள்ள ஒண்ணும் போற மாதிரியே இல்லீங்க."

"ருசி தெரியாதுன்னு நர்ஸ் சொன்னாங்கல்ல?"

"ருசிய யாரு கேட்டா? நெஞ்சு போன வாரம் லேசா இருந்துச்சு. இப்ப இல்ல."

"நம்பர் குறையுதா இல்லையா?"

"குறையுது."

"அப்ப மருந்து போகுது. மிஷின் பொய் சொல்லாது. நீதான் சரியா இழுக்க மாட்டேங்குற."

"இதுக்கு மேல இழுத்தா அந்தச் சுவரே உள்ள வந்துடும்" என்றாள். கழுத்து நரம்பு புடைக்க இழுத்துக் காட்டினாள். நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, எண்ணைத்தான் பார்த்தேன். அடைப்பு ஏதாவது இருக்குமோ என்று அடுத்த ஞாயிறு இன்னும் அழுத்தித் தேய்த்துக் கழுவினேன். அவசரத்துக்கென்று கைப்பையில் வைத்திருந்த நீலப் பம்பை அவள் ஒரு நாளைக்கு நாலைந்து தரம் எடுக்க ஆரம்பித்திருந்தாள். "புதுசு பழக நாளாகும்" என்று அதற்கும் ஒரு சமாதானம் சொன்னேன். என் வாயில் கொள்ளிக்கட்டையை வைக்க!

வியாழக்கிழமை மத்தியானம், லிஃப்ட் கூண்டின் கூரைமேல் உட்கார்ந்து கம்பிவடத்துக்கு கிரீஸ் போட்டுக்கொண்டிருந்தபோது அவள் ஆபீசிலிருந்து போன். பேசிக்கொண்டிருந்தவள் பாதியில் சாய்ந்துவிட்டாளாம்.

ஆஸ்பத்திரியில் அவள் கட்டிலின் விளிம்பைப் பிடித்துக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். மூக்கையும் வாயையும் மூடி மாஸ்க். தோள் ஏறி இறங்கியது. உதடு வெளுத்து, ஊதா பாய்ந்திருந்தது. நான் என்ன செய்வது? முதுகைத் தடவப் போனேன், கையைத் தள்ளிவிட்டாள். தண்ணீர் எடுத்தேன், வேண்டாம் என்று தலையாட்டினாள். கிரீஸ் அப்பிய இரண்டு கையையும் வைத்துக்கொண்டு நின்றேன்.

அதே நர்ஸ் வந்தார். "அந்தப் பவுடர் இன்ஹேலர் இருக்கா?"

அவள் கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். எண் இருபத்தைந்து. நர்ஸ் திருகினார். கிளிக். இருபத்திநாலு. ஒரு கறுப்புத் துணியில் தட்டிப் பார்த்தார். ஒரு பொட்டுத் தூள் விழவில்லை. விளக்கடியில் பிடித்து வாய்ப்பகுதிக்குள் பார்த்தார்.

"ஐயோ, இதுல தண்ணி பட்டிருக்கே! பவுடர் கட்டி தட்டிப்போச்சு. யாரு இதைக் கழுவினது?"

நான் வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். சத்தம் வரவில்லை.

அவள் மாஸ்க்கை ஒரு கையால் தூக்கினாள். "நான்... தான்... சிஸ்டர்."

"மாஸ்க்க எடுக்காதீங்க! இதுக்குத் தண்ணியே காட்டக் கூடாதுங்க! தாள்லயே போட்டிருக்குல்ல?" நர்ஸ் அவளைத்தான் திட்டினார். அந்த மூன்று சொல்லுக்குச் செலவான மூச்சைத் திரும்பப் பிடிக்க அவள் பட்ட பாட்டை நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

தாள் பர்ஸிலேயே இருந்தது. மூன்றாவது வரி: தண்ணீர் படக் கூடாது. நாற்பத்தேழிலிருந்து இருபத்தைந்து. இருபத்திரண்டு தடவை அவள் வெறும் காற்றை இழுத்திருக்கிறாள், நான் பக்கத்தில் நின்று பலமா இழு என்று அதட்டியிருக்கிறேன்.

வராந்தாவில் நர்ஸைப் பிடித்து, "கழுவினது நான் சிஸ்டர்" என்றேன்.

"தெரியும் சார். உங்க முகத்துலயே தெரிஞ்சுது. யாரு கழுவினா என்ன, மாத்திரை இன்னைக்கே ஆரம்பிக்கணும்னு டாக்டர் எழுதிட்டாங்க."

மாத்திரைகளை அவள் தண்ணீர்கூடக் கேட்காமல் விழுங்கினாள். பிறகு தன் கன்னத்தை ஒரு தடவை தடவிப் பார்த்துக்கொண்டாள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

மறுநாள் சாயங்காலம் ஏழு மணிக்கு, மாத்திரையோடு சேர்த்து, பவுடர் இன்ஹேலரின் புதுப் பெட்டியையும் பிரித்தார்கள். அவள் திருகினாள். கிளிக். கண்ணை இறுக மூடிக்கொண்டு இழுத்தாள், மூச்சை அடக்கினாள். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்று பத்து எண்ணினேன். ஜன்னலில் என்ன எண் என்று பார்க்கவில்லை.

"உள்ள போச்சாம்மா?" என்று கேட்டேன்.

அவள் நெஞ்சில் கையை வைத்துப் பார்த்தாள்.

"தெரியலீங்க" என்றாள்.