செம்பாசிக்கு ஒரு பிரசங்கம்

சித்தூர்க் கல்லூரியில் தாவரவியல் நடத்தும் கிளாட்வினுக்குக் கையில் மைக் கிடைத்தால் போதும், விட மனம் வராது. ஒரு ஞாயிறு நாகலாபுரம் தேவாலயத்தில் ஆராதனை முடிந்ததும் சபையாரைப் பிடித்து உட்காரவைத்துப் பேசினார். இந்த ஊர் மலை ஓடையில் அபூர்வமான செம்பாசி ஒன்று இருக்கிறது, எத்தனையோ ஆறுகளில் தேடியும் வேறெங்கும் அகப்படவில்லை, ஓடையைச் சுத்தமாக வைத்திருந்தால்தான் அது பிழைக்கும் என்றார். ஆமென் சத்தம் கூரையைத் தொட்டது. அந்த மயக்கத்தில் ஒரு சின்ன விஷயத்தைச் சொல்ல மறந்தார்: பெயரில்தான் சிவப்பு, பார்வைக்கு அது பச்சையாக, கொழகொழவென்றுதான் இருக்கும்.

அடுத்த வாரம் வாலிபர் சங்கச் செயலாளர் யூனிஸ் அவரை ஓடைக்கு அழைத்துப் போனாள். பாறைகள் பளிச்சென்று மின்னின.

"செவப்புப் பாசிய இந்தப் பச்சப் பாசி மூடிக்கினு இருந்துச்சி சார். அறுப்புப் பண்டிகைக்குக் கோயில் தொட்டிய தேய்ப்போமே, அதே மாதிரி தேங்கா நாரு போட்டு ஒரு கல்லு விடாம தேச்சிட்டோம். இனிமே செவப்பு நல்லா வரும்."

கிளாட்வின் வாயைத் திறந்தார். இதுவரை பேசியதே போதும் என்று மூடிக்கொண்டார்.

திருப்பதி வழியாகத் திரும்பும் பஸ்ஸிலேயே ஆய்வுக் கட்டுரையைத் திருத்தினார். செம்பாசியை அழிப்பவை என்ற தலைப்பின் கீழே, மணல் அள்ளுவதற்கும் சோப்பு நுரைக்கும் மேலே, முதலிடத்தில் எழுதினார்: கிளாட்வின்.