மடிக்காத நாற்காலியும் மாண்புமிகு வேந்தரும்

மத்திய மேற்கு அமெரிக்காவின் சோளக்காடுகளுக்கும், அவற்றின் நடுவே குடியிருக்கும் சகல ஜனங்களுக்கும், அவர்தம் பன்றிகளுக்கும் இதனால் அறிவிக்கப்படுவது யாதெனில்: ப்ளம் ஃபோர்க் ஊரின் பொற்கழுகு தலைமைப் பண்பு அகாடமி, மக்கள் பணத்துக்கு மக்கள் முன்னிலையிலேயே பதில் சொல்லப் போகிறது. வியாழன் மாலை. அவரவர் வீட்டிலிருந்து ஒரு பதார்த்தம் கொண்டுவரவும்.

அகாடமி என்பது பழைய பௌலிங் அரங்கம். பந்து உருண்ட பாதைகளின் மேல் இப்போது பெஞ்சுகள் கிடக்கின்றன. நிறுவனர் பிரெண்டிஸ் ஆல்டிங்கர் அதற்கு முன்பு நீச்சல்குளம் விற்றுக்கொண்டிருந்தவர். தலைமையாசிரியர் என்ற பட்டம் தன் தோள் அகலத்துக்குப் போதாது என்று பட்டதால், தன்னை 'வேந்தர்' என்று நியமித்துக்கொண்டார். வேந்தருக்கு நாடு கிடையாது. அறுபது சொச்சம் பிள்ளைகள் உண்டு. அத்தனை பேருக்கும் கட்டணம் கட்டுவது மாநில அரசின் வவுச்சர். பொதுப்பள்ளி வேண்டாமென்று தனியார் பள்ளிக்குப் போகும் பிள்ளையின் பின்னாலேயே வரிப்பணமும் போகும் ஏற்பாடு அது. பணம் போன இடத்துக்குப் படிப்பும் போய்ச் சேர்ந்ததா என்று தலைநகரில் யாரோ ஒருவர் கேட்டுத் தொலைத்தார். ஆண்டுக்கொரு முறை பொதுக்கூட்டம் போட்டு, வருகிற கேள்விக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டும் என்று சட்டமே வந்துவிட்டது. வேந்தர் கவலைப்படவில்லை. கேள்வி வந்தால்தானே?

வெர்னா டிஷ்லரிடம் ஒரு கேள்வி இருந்தது. தானியக் கிடங்கில் லாரிகளை எடை போடுகிறவள் அவள். மகன் ஓடெல் அகாடமியில் மூன்றாம் வகுப்பு. போன ஞாயிற்றுக்கிழமை உணவகத்தில், "நீயே வாசிச்சு சொல்லு, என்ன வேணும்?" என்று மெனு அட்டையை அவனிடம் நீட்டினாள். அவன் படத்தில் விரல் வைத்து, "சிக்கன்" என்றான். அட்டையில் எழுதியிருந்தது வான்கோழி. விளையாடுகிறானா, வாசிக்கத் தெரியவில்லையா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. வீட்டில் புத்தகத்தை நீட்டினால் பையன் மனப்பாடமாகக் கதை சொல்லி மழுப்பிவிடுகிறான். வெள்ளிக்கிழமைக்குள் வவுச்சரைப் புதுப்பித்துக் கையெழுத்துப் போட்டால், இன்னும் ஓர் ஆண்டு அவன் இங்கேதான். ஆகவே இன்று தெரிந்தாக வேண்டும்.

மடக்கு நாற்காலிகள் போட்டுக் கூட்டம் அமோகமாக நடந்தது. பாலாடைக்கட்டி போட்டுச் சுட்ட உருளைக்கிழங்கு கேசரோல் நாலு விதம், கேரட் துருவிப்போட்ட பச்சை ஜெல்லி, வேர்க்கடலை வெண்ணெய் தடவிய இனிப்புச் சதுரங்கள். தலைநகரிலிருந்து வந்த அதிகாரி மூன்றாவது தட்டில் இருந்தார். வேந்தர் திரையில் படங்கள் காட்டினார். எல்லாப் படத்திலும் கழுகு பறந்தது. கடைசிப் படத்தில் ஓர் அம்பு மேல்நோக்கிப் போயிற்று. எதிலிருந்து எதற்கு என்று எண் எதுவும் இல்லை. எடைமேடையில் இப்படியொரு சீட்டைக் கொடுத்தால் விவசாயி எடை போட்டவள்மேலேயே லாரியை ஏற்றிவிடுவான் என்று வெர்னா நினைத்துக்கொண்டாள்.

"கேள்வி இருந்தா தாராளமா கேளுங்க!" என்ற வேந்தர், சொல்லிக்கொண்டே தன் நாற்காலியை மடித்தார். டக்.

ப்ளம் ஃபோர்க்கில் ஒரு நாற்காலி மடிந்துவிட்டால் கூட்டம் முடிந்தது என்று பொருள். அடுத்தவர் நாற்காலி அடுக்க, தான் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பவரை இந்த ஊர் மன்னித்ததாகச் சரித்திரம் இல்லை. ஆண்கள் தொடையில் இரண்டு தட்டு தட்டி, "சரி, அப்போ..." என்று எழுந்தார்கள். கேள்வியோடு வந்தவர்களும் கைக்கு இரண்டாகத் தூக்கினார்கள். அதிகாரி வாயைத் துடைத்துக்கொண்டு குளிருக்குக் காரைச் சூடுபண்ணப் போய்விட்டார். வெர்னாவும் தொடையைத் தட்டி, பாதி எழுந்துவிட்டாள்.

பிறகு மறுபடி உட்கார்ந்தாள்.

பன்றிப் பண்ணைக்காரர் ஆர்விட் நாலு நாற்காலிகளோடு வந்து நின்றார். அவருடைய இரட்டைப் பிள்ளைகளும் ஓடெலின் வகுப்புதான்.

"வெர்னா, கொஞ்சம் எந்திரிச்சீங்கன்னா அதையும் மடிச்சிடுவேன்."

"இருக்கட்டும் ஆர்விட். நான் ஒரு கேள்வி கேக்கணும்."

"தாராளமா கேளுங்க. நின்னுக்கிட்டே கேக்கலாமே?"

"நின்னா, தோள்ல கையப் போட்டுப் பேசிக்கிட்டே வண்டி வரைக்கும் கொண்டுபோய் விட்ருவாரு. போன தடவ அப்படித்தான் வீடு போய்ச் சேந்தேன்."

வேந்தர் விரைந்து வந்தார். "என்ன வெர்னா, முட்டி வலியா? தண்ணி கொண்டுவரச் சொல்லட்டுமா?"

"முட்டி நல்லாத்தான் இருக்கு, பிரெண்டிஸ்." வெறும் பெயரைக் கேட்டதும் அரங்கத்தில் நாலைந்து தலைகள் திரும்பின. "எங்க ஓடெல் வாசிப்பானா, மாட்டானா?"

"ஓடெலா! பிறவித் தலைவனாச்சே! நேத்துகூட வரிசையில முதல் ஆளா நின்னான்."

"சாப்பாட்டு வரிசைதானே?"

யாரோ தும்முவதுபோல் சிரித்தார்கள்.

"வாசிப்புப் பரீட்சை வெச்சீங்களா இல்லையா?"

"நாங்க பிள்ளைங்கள நம்பரா பாக்கறதில்ல, வெர்னா. முழு மனுஷனா பாக்கறோம்."

"வவுச்சர் வாங்கறப்ப மட்டும் தலைய எண்ணித்தானே வாங்குறீங்க?"

ஆர்விட் தன் கையிலிருந்த நாற்காலிகளைப் பார்த்தார். ஒன்றை மெதுவாக விரித்தார். "முதுகு ஒரு மாதிரியா இருக்கு, மன்னிச்சுக்கணும்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு வெர்னாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். பின்னால் இன்னொரு நாற்காலி விரிந்தது. பிறகு மளமளவென்று எல்லாம். நின்றுகொண்டிருந்தவர் வேந்தர் ஒருவர்தான். முதலில் மடித்தது அவருடையது என்பதால் அது அடுக்கின் அடியில் கிடந்தது.

"வெச்சோம்" என்றார். "அக்டோபர்ல."

"எப்படி வந்துச்சு?"

"கலவையா."

"கலவைன்னா?"

"மூணாங்கிளாஸ்ல பாதிக்கு மேல..." வேந்தர் கூரையைப் பார்த்தார். "...வாசிக்கத் திணறுறாங்க."

"ஓடெல்?"

"அவனும். ரெண்டாங்கிளாஸ் புத்தகமே கஷ்டம்."

"எங்க பசங்க?" என்றார் ஆர்விட்.

"ஒருத்தன் வாசிக்கறான். எவன்னுதான் எங்களுக்குச் சரியா அடையாளம் தெரியல."

"ஏன் இத்தனை நாளா சொல்லல?" என்றாள் வெர்னா.

"நீங்க யாரும் கேக்கலையே!"

இதில் நியாயம் இருப்பதாகக் கூட்டத்தில் பலருக்கும் பட்டது. ஆகவே கேட்கத் தொடங்கினார்கள். அறிவியல் கூடம் எங்கே என்று ஒருவர் கேட்டார். ஸ்பானிஷ் வாத்தியாருக்கு ஸ்பானிஷ் தெரியுமா என்று இன்னொருவர். வேந்தரின் மைத்துனரான அந்த வாத்தியார், முயன்றுகொண்டிருப்பதாகச் சொன்னார். யாரும் குரலை உயர்த்தவில்லை. இனிப்புத் தட்டு கைமாறிக்கொண்டே இருந்தது. ஊர் வழக்கப்படி கடைசித் துண்டை யாரும் தொடாமல் நாகரிகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெர்னா அதை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். மனசு லேசாக இருந்தது. கேட்டது கெட்ட செய்திதான். ஆனாலும் எடை போட்டுத் தெரிந்த கெட்ட செய்தி.

வெள்ளிக்கிழமை அவள் கையெழுத்துப் போடவில்லை. கேள்வி எதுவும் எழவில்லை என்று அதிகாரி அறிக்கை அனுப்ப, அகாடமிக்கு வவுச்சர் தொடர்ந்தது. செப்டம்பரில் ஓடெல் பொதுப்பள்ளியில் சேர்ந்தான். அங்கே தேர்வு முடிவுகளை வாசல் கதவிலேயே ஒட்டியிருந்தார்கள். வெர்னா நின்று நிதானமாகப் படித்தாள். அகாடமியைவிடக் கொஞ்சம் தேவலை.

ஓடெலின் வாசிப்பு இன்னும் சுமார்தான்.