முப்பத்தாறு புள்ளி இரண்டு

பத்து நாள், நான்கு மணி நேரம். குணாளனின் மணிக்கட்டில் அந்த இளஞ்சிவப்புப் பட்டை கிடந்த காலம் அது. தொற்று கண்டவன் வீட்டுப் படி இறங்கக் கூடாது என்பதற்கு அடையாளமாகக் கட்டிவிடும் காகிதப் பட்டை. யோங் பெங் கிளினிக்கில் அதைக் கத்தரித்து எறிந்தபோது புதன்கிழமை மதியம் இரண்டு மணி. மூன்றரைக்கெல்லாம் அவன் செல்வராணியின் மளிகைக் கடை வாசலில் வந்து நின்றான். தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தான். அதை மோட்டார் சைக்கிளில் மாட்டிவிட்டு வரவில்லை.

வாசலில் மேசை போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களின் உடல்சூட்டை அளந்து புத்தகத்தில் எழுதுவது வாசுகியின் வேலை. பழக்கத்தில் கை எழுந்து கருவியை அவன் நெற்றிக்கு நேரே நீட்டியது. அவன் அதைப் புறங்கையால் ஒதுக்கினான்.

"ரபேல் வந்துட்டானா?"

அவள் இல்லையென்று தலையாட்டினாள். புதன்கிழமை நான்கு மணிக்கு ரபேல் கேஸ் சிலிண்டர் இறக்க வருவான் என்பது அந்தத் தாமான் குடியிருப்பு முழுவதற்கும் தெரியும். குணாளன் தெரிந்துகொள்வதற்காகக் கேட்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் அவன் கூட்டாளி செல்வாவும் இன்னும் மூன்று பேரும் வந்தார்கள். கடைக்கு முன்னால் தரையில் ஒட்டியிருந்த மஞ்சள் பெருக்கல் குறிகளின் மேல் ஆளுக்கொன்றாக நின்றார்கள். மூக்கை மூடிய முகக்கவசம், நடுவே ஒரு மீட்டர் இடைவெளி. தூரத்தில் இருந்து பார்த்தால் அரிசி வாங்க வந்தவர்கள் போலத்தான் இருந்தது. செல்வாவின் கையில் மட்டும் மோட்டார் சங்கிலி ஒன்று சுற்றிக் கிடந்தது.

அந்த மஞ்சள் குறிகளை ஒட்டியவனே குணாளன்தான். மரச்சாமான் தொழிற்சாலையில் மேற்பார்வையாளன். அளக்காமல் ஒன்றும் செய்ய மாட்டான். ஊரடங்கு வந்த முதல் வாரத்திலேயே இரும்பு அளவுநாடாவைக் கொண்டுவந்து, முழங்கால் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொன்றாக அளந்து ஒட்டினான். மற்றவர்கள் ஒரு முகக்கவசம் போட்டால் அவன் இரண்டு போடுவான். வீட்டில் சர்க்கரை நோயும் கால் புண்ணுமாக அம்மா கருப்பாயி இருந்தாள். அவளுக்காகத்தான் இத்தனையும்.

வாசுகிக்குச் சத்தமாகப் பேச வராது. வேதியியல் பட்டம் வாங்கி ஒன்றரை வருடம் ஆகியும் ஆய்வுக்கூட வேலை எதுவும் அமையாமல் இந்த மேசைக்கு வந்தவள். "மாஸ்க்க மேல ஏத்துங்க" என்று அவள் சொன்னால் அந்தச் சொல் அவள் முகக்கவசத்தைத் தாண்டி வெளியே வராது. குணாளன் பக்கத்தில் இருந்தால் அவளுக்காக அவன் சொல்வான். தங்கச்சி சொல்வது காதில் விழவில்லையா என்று அதட்டுவான். அதனால் வாசலில் அவன் தலை தெரிந்தாலே அவளுக்கு மூச்சு சீராகும்.

ரபேல் நேர் எதிர். அவன் முகக்கவசம் எந்நேரமும் தாடையில்தான் தொங்கும். யாராவது கேட்டால், மூக்கை மூடிக்கொண்டு ஒரு சிலிண்டரைத் தோளில் ஏற்றி நாலு வீடு நடந்துவிட்டு வா, பிறகு பேசுவோம் என்பான். குணாளனுக்கு அவன் வைத்த பெயர் டாக்டர். ஒருமுறை பேச்சு முற்றி, குணாளன் அவன் சட்டையைப் பிடித்து இரும்புக் கதவில் சாத்தினான். முதுகு கதவில் மோதிய அந்த நிலையிலும் ரபேல் சிரித்தான்.

"டாக்டர், ஒரு மீட்டர் லா. ஒரு மீட்டர்."

கடையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். குணாளன் அதை மறக்கவில்லை.

பிறகு அந்தச் செவ்வாய்க்கிழமை வந்தது. ரபேல் கருப்பாயி வீட்டுக்குச் சிலிண்டர் மாற்றப் போனான். மூன்று மாதமாக வாசலைத் தாண்டாதவள் அவனை உட்காரச் சொல்லித் தேநீர் கொடுத்தாள். அவன் முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கி, அவள் சமையலறையில் உட்கார்ந்து குடித்தான். வியாழக்கிழமை அவளுக்குக் காய்ச்சல் கண்டது. ஞாயிறு காலை ஆம்புலன்ஸ் வந்தது. மகனையும் பரிசோதித்தார்கள், அவனுக்கும் இருந்தது, பட்டையைக் கட்டினார்கள். ரபேலிடமிருந்து தாய்க்கு, தாயிடமிருந்து மகனுக்கு என்று தாமான் கணக்குப் போட்டு முடித்தது.

சனிக்கிழமை கருப்பாயி செத்துப்போனாள். கொள்ளி வைக்க வேண்டிய ஒரே மகன் வீட்டுக்குள் பூட்டிக் கிடந்தான். வெள்ளை அங்கி போட்ட நாலு பேர் மூடிய பெட்டியைச் சூளைக்குள் தள்ளுவதை, செல்வா அனுப்பிய இரண்டு நிமிடப் படத்தில் பார்த்தான். அம்மாவின் முகம் அதில் இல்லை. அன்று பகல் முழுக்க அவன் சுவரைக் குத்தினான். இரண்டு வீடு தள்ளியிருந்த வாசுகிக்கு ஒவ்வொரு குத்தும் கேட்டது.

தாமான் சும்மா இருக்கவில்லை. ரபேலின் லாரி டயர்கள் நாலையும் யாரோ கிழித்தார்கள். வீட்டு ஜன்னலை உடைத்துக்கொண்டு வந்த கல் அவன் மனைவி ஏஞ்சலாவின் நெற்றியைப் பிளந்தது. ஆறு தையல். தனக்குத் தொற்று இல்லை என்ற பரிசோதனைத் தாளை ரபேல் கடை வாசலில் கொண்டுவந்து ஒட்டினான். காகிதத்தை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம் என்று சொல்லிச் செல்வா அதைக் கிழித்து, ரபேலின் வாய்க்குள்ளேயே திணிக்கப் பார்த்தான்.

எல்லாவற்றையும் வாசுகி அந்த மேசைக்குப் பின்னால் இருந்தபடி பார்த்தாள். ரபேல் தொற்றைக் கொண்டுவரவில்லை என்பது அந்தத் தாமானில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

செவ்வாய்க்கு இரண்டு நாள் முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை. உச்சி வெயில். குணாளன் அம்மாவுக்குக் கோதுமை மாவு வாங்க வந்தான். கருவி அவன் நெற்றியில் முப்பத்தெட்டுக்கு மேல் காட்டியது. வெயிலில் மோட்டார் ஓட்டி வந்தவர்களுக்கு அப்படிக் காட்டுவது உண்டு. சூடு கூடியவர்களைக் குளிர்பானப் பெட்டிக்குப் பக்கத்தில் மின்விசிறிக்குக் கீழே ஐந்து நிமிடம் நிற்கவைத்து மறுபடி அளப்பது அந்தக் கடையின் வழக்கம். அவனும் சொல்லாமலே போய் நின்றான். உடம்புக்கு ஒன்றுமில்லை, வெயில்தான் என்று சிரித்தான். பின்னால் எட்டுப் பேர், அவன் ஒட்டிய குறிகளின் மேல், பொறுமையிழந்து நின்றார்கள்.

ஐந்து நிமிடம் கழித்துத் திரையில் வந்த எண்ணை வாசுகி மட்டும்தான் பார்த்தாள்.

"ஓகேயா தங்கச்சி?"

ஓகே இல்லை என்று சொல்ல வேண்டும். இத்தனை பேர் முன்னால், இவனிடம், இல்லை என்று. அவள் தலை தானாக ஆடியது. புத்தகத்தில் 36.2 என்று எழுதினாள். அவன் மாவை வாங்கிக்கொண்டு அம்மாவிடம் போனான்.

பின்னால் சுகாதார அதிகாரிகள் வந்து அந்தப் பக்கத்தைப் படமெடுத்துக்கொண்டு போனார்கள். எல்லா வரியும் முப்பத்தாறு புள்ளி ஏதோ ஒன்று. கையெழுத்து அழகாக இருக்கிறது என்று ஒருவர் சொன்னார்.

பத்து நாளும் காலையில் எழும்போது இன்று சொல்லிவிடலாம் என்று நினைப்பாள். சொன்னால் கடைக்கு அபராதச் சமன், தனக்கு வழக்கு. அதையெல்லாம்கூடத் தாங்கிக்கொள்ளலாம். சொன்ன பிறகு குணாளனுக்கு என்ன மிஞ்சும் என்று யோசிக்கும்போதுதான் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். சொல்லாவிட்டால் ரபேலுக்கு என்ன மிஞ்சும் என்பது இப்போது வாசலில் வரிசையாக நின்றது.

நான்கு அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது லாரி வந்தது.

ரபேல் இறங்கினான். குறிகளின் மேல் நின்ற ஐவரையும் பார்த்தான். ஓடியிருக்கலாம். அவன் தாடையில் கிடந்த முகக்கவசத்தை மூக்குக்கு மேலே ஏற்றி, மேல்விளிம்பை அழுத்திச் சரிசெய்தான். அவன் அப்படிப் போட்டு வாசுகி பார்த்ததே இல்லை. இரண்டு கைகளையும் மார்புக்கு முன்னால் சேர்த்துக்கொண்டு குணாளனை நோக்கி நடந்தான்.

"குணா, அம்மா விஷயம் கேட்டதுல இருந்து..."

தலைக்கவசம் அவன் காதோரம் இறங்கியது. தேங்காய் உடைகிற சத்தம். ரபேல் ஒரு காலில் சுழன்று லாரியின் பக்கவாட்டில் மோதினான். குணாளன் விடவில்லை. மறுபடி, மறுபடி, மூன்றாவது அடியில் தலைக்கவசத்தின் கண்ணாடி தெறித்துக் கடைக்குள் வந்து விழுந்தது. செல்வா சங்கிலியை வீசினான். அது ரபேலின் கழுத்தைச் சுற்றி இழுத்தபோது அவன் முழங்கால் மடங்கித் தரையில் உட்கார்ந்தான். மற்ற மூவரும் குறிகளை விட்டு இறங்கி வந்து மிதித்தார்கள். விலா, வயிறு, முகம். தோளோடு தோள் இடித்துக்கொண்டு, ஒருவன் மூச்சை ஒருவன் வாங்கிக்கொண்டு மிதித்தார்கள். முகக்கவசங்கள் எல்லாம் தாடைக்கு இறங்கிவிட்டிருந்தன. ரபேலுடையது மட்டும் இடத்தில் இருந்தது. நீலம் மறைந்து கறுஞ்சிவப்பாகி, ஈரத்தில் மூக்கோடும் வாயோடும் ஒட்டிக்கொண்டது. அவன் மூச்சை இழுக்கும்போது உள்ளே குழிந்தது. வெளியே வரவில்லை.

கடைக்குள் இருந்தவர்கள் கண்ணாடிக்குப் பின்னால் நின்று கைப்பேசியில் படமெடுத்தார்கள். செல்வராணி போலீசுக்கு ஃபோன் அடித்தாள். எல்லாரும் நெடுஞ்சாலைத் தடுப்பில் இருக்கிறார்கள், வர இருபது நிமிடம் ஆகும் என்றார்கள். வாசுகி ரபேலின் மார்பைப் பார்த்தாள். இருபது நிமிடம் அங்கே இல்லை.

"அண்ணே, போதும்," என்றாள். யாருக்கும் கேட்கவில்லை. அவளுக்கே கேட்கவில்லை.

மேசையைச் சுற்றி ஓடி குணாளனின் கையைப் பிடித்தாள். அவன் யாரென்று பாராமல் முழங்கையை வீசினான். அது அவள் வாயில் பட்டது. உதடு பல்லில் கிழிந்தது. மேசையோடு சேர்ந்து விழுந்தாள். புத்தகம், பேனா, கிருமிநாசினிக் குப்பி எல்லாம் அவள் மேல் சரிந்தன.

கீழே கிடந்த உயரத்தில் இருந்து ரபேலின் முகம் நேரே தெரிந்தது. அவன் ஒரு கையால் முகக்கவசத்தைப் பிய்த்து எடுத்தான். அதோடு ஒரு பல்லும் வந்தது. காறித் துப்பிவிட்டு, வீங்கிய கண்ணைத் திறந்து, தன்மேல் குனிந்திருந்தவர்களைப் பார்த்தான். அந்த நிலையிலும் அவனுக்கு அது தோன்றியது.

"டாக்டர்," என்றான். "ஒரு மீட்டர்."

குணாளன் நிமிர்ந்தான். செல்வாவைக்கூட ஒரு தள்ளுத் தள்ளி விலக்கினான். லாரியின் பின்பக்கத்தில் இருந்து ஒரு சிலிண்டரை இழுத்தான். காலியானதுதான், ஆனாலும் பதினைந்து கிலோ இரும்பு. இரண்டு கைகளாலும் அதைத் தலைக்கு மேலே தூக்கினான். அம்மா செத்த அன்று பகல் முழுக்கச் சுவரைக் குத்திய கைகள். விரல் முட்டிகளில் பொருக்கு உடைந்து இரத்தம் மணிக்கட்டுக்கு வழிந்தது. பட்டை இருந்த இடம் வெளிறிய வளையமாகத் தெரிந்தது.

செல்வாவுக்கே பயம் வந்துவிட்டது. "டேய் குணா, வேணாம்டா, செத்துருவான்டா" என்றபடி பின்வாங்கினான். மிதித்துக்கொண்டிருந்த மூவரும் விலகி நின்றார்கள். ரபேல் தலையை மூடக் கையைத் தூக்கப் பார்த்தான். வலது கை எழவில்லை.

வாசுகி எழுந்து நின்றாள். வாயெல்லாம் இரத்தம், முகக்கவசம் நனைந்து உதட்டில் ஒட்டியிருந்தது. பத்து மாதத்தில் ஒருநாள்கூட அந்த வாசலில் அவள் அதைக் கழற்றியதில்லை. காதில் இருந்து இழுத்து எடுத்துத் தரையில் போட்டாள். ரபேலுக்கும் அந்த இரும்புக்கும் நடுவே வந்து நின்றாள். குணாளனின் முகம் ஒரு சாண் தூரத்தில் இருந்தது.

"அண்ணே."

"நகரு தங்கச்சி."

"கோதுமை மாவு வாங்க வந்தீங்கள்ல, அந்த ஞாயித்துக்கிழம. ஃபேன் கீழ நின்னீங்க."

அவன் கண்கள் ரபேலின் தலையிலேயே இருந்தன. அந்த ஞாயிற்றுக்கிழமைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று அவனுக்குப் புரியவில்லை. கைகள் இறங்கவில்லை. சிலிண்டரின் அடிப்பக்கத்தில் இருந்து துரு உதிர்ந்து அவள் தலைமுடியில் விழுந்தது. அவள் மூச்சை இழுத்துக்கொண்டு, கண்ணாடிக்குப் பின்னால் நிற்கிறவர்களுக்கும் கேட்கும்படி, வாழ்க்கையில் முதல்முறையாக உரக்கப் பேசினாள்.

"முப்பத்தெட்டு புள்ளி ரெண்டு. அஞ்சு நிமிஷம் நின்னப்புறமும் அதான் காட்டுச்சு. நான்தான் முப்பத்தாறுன்னு மாத்தி எழுதுனேன். ரபேல் அங்கிள் செவ்வாக்கிழமதான் உங்க வீட்டுக்கு வந்தாரு. அம்மாவுக்கு அவருகிட்டருந்து வரலண்ணே. உங்ககிட்டருந்துதான் வந்துச்சு."